காலண்டரை எடு, மகளே!

கேள்வி: என் வயது 29. ஊர் நாமக்கல் பக்கம். மகள் பிறந்தபோதே அரசு மருத்துவமனையில் காப்பர் டி என்ற கருத்தடைக் கம்பியைப் போட்டார்கள். இரண்டாவது குழந்தைக்காக நாலு வருடம் கழித்து எடுத்தேன். ஏழு மாதமாகிறது, நாள் தள்ளவே இல்லை. “அந்தக் கம்பி கர்ப்பப்பையைக் கெடுத்துடுச்சு” என்கிறார் மாமியார். இரண்டு முறை ஸ்கேன் எடுத்தும் குறை எதுவும் இல்லை. கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருப்பார். எனக்கு இனி குழந்தை பிறக்குமா?

பதில்: காப்பர் டி பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாய், மகளே. இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். கணவரைப் பற்றி ஒரே வரி: ‘மாதத்தில் நாலு நாள்’. அதை எழுதிவிட்டு நீ பாட்டுக்குத் தாண்டிப் போய்விட்டாய். எனக்கு அதைத் தாண்ட முடியவில்லை.

காப்பர் டி, முட்டை வெளிவருவதைத் தடுப்பதில்லை. அதிலுள்ள தாமிரம் விந்தணுவை முடக்குகிறது. எடுத்துவிட்டால் அந்த மாதமே கரு தங்கலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் கருத்தடை ஊசி என்றால், நிறுத்திய பின் கரு தங்கத் தாமதமாகும். உன் மாமியார் அதையும் இதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறாரோ என்னவோ.

சரி, சுவரில் தொங்கும் காலண்டரை எடு. மாதவிலக்கு தொடங்கிய நாளையெல்லாம் சிவப்பு மையில் வட்டமிடு. ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் 14 நாள் பின்னோக்கி எண்ணு. முட்டை வெளிவந்தது ஏறத்தாழ அன்றைக்குத்தான். அந்த நாளும் அதற்கு முந்தைய 5 நாட்களும்தான் கரு உண்டாகும் நாட்கள். இப்போது அவர் வீட்டில் இருந்த நாட்களைக் குறி. ஏழு மாதத்தில் எத்தனை தடவை இரண்டும் ஒன்றாக விழுந்தன? இரண்டா? அப்படியானால் நீங்கள் முயன்றது ஏழு மாதமல்ல, இரண்டே மாதம். 35 வயதுக்கு உட்பட்டவர்கள் ஓராண்டு சேர்ந்திருந்தும் கரு தங்காவிட்டால்தான் மருத்துவர்கள் குழந்தையின்மை என்ற பேச்சையே எடுப்பார்கள்.

உன் வயிற்றை இரண்டு முறை ஸ்கேன் பார்த்தவர்கள் அவரை ஒரு முறையாவது விந்தணுப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா? ‘ஏற்கெனவே ஒரு பிள்ளை பெற்றவன்’ என்பது பதிலாகாது. நாலு வருடத்தில் உடம்பு மாறும். எஞ்சின் சூடும் புகையிலையும் விந்தணுவுக்கு ஆகாதவை. இந்தப் பரிசோதனையில் ஊசி இல்லை, வலி இல்லை.

குழந்தை வேண்டும் என்று முடிவு செய்தது இரண்டு பேர். பழியை மட்டும் நீ ஒருத்தி ஏன் சுமக்கிறாய்? அதை வாய் திறக்காமல் சுமப்பதுதான் எனக்குக் கோபம். பிழைப்புக்காக ஓடுகிறார், தெரியும். ஆனால் இன்னொரு பிள்ளைக்குத் தகப்பனாக நினைப்பவர், சில மாதமாவது உள்ளூர் லோடு கேட்டு வாங்கி வீட்டோடு இருக்க வேண்டும். அது உனக்குச் செய்யும் சலுகை இல்லை, அவர் கடமை. உன் பெண் குழந்தைக்கும்தான் அப்பா மாதத்தில் நாலு நாள்.

காய்ச்சலோடு அடிவயிற்று வலியோ, நாற்றமுள்ள வெள்ளைப்படுதலோ இருந்தால் உடனே மருத்துவரைப் பார். இல்லாவிட்டால் மூன்றாவது ஸ்கேனுக்குப் போகாதே. அவர் அடுத்த லோடு ஏற்றும் முன் இந்தப் பக்கத்தைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்.