எச்.பி. (ஆர்.சி.யில் உள்ள வண்டிக் கடன் பதிவு) ரத்தாகாத பிக்கப்புக்கு மீதிப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: கோவில் திருவிழா, கல்யாணங்களுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறேன். ஜெனரேட்டர் டிரெய்லரை இழுக்க, 2018 மாடல் பிக்கப் ஒன்றை ஒரு கன்சல்டிங் (பழைய வண்டி விற்பவர்) மூலம் 4.60 லட்சத்துக்குப் பேசி, 3.50 லட்சம் கொடுத்து எடுத்தேன். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-ஐக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பெயரில்தான் இருக்கிறது. இப்போது ஃபைனான்ஸிலிருந்து போன் வருகிறது: தவணை பாக்கியாம், வண்டியைத் தூக்குவார்களாம். மீதியைக் கொடுத்தால் எல்லாம் முடித்துத் தருவதாகக் கன்சல்டிங்காரர் சொல்கிறார். மேட்டில் டிரெய்லரோடு ஏறினால் கிளட்ச் வேறு வழுக்குகிறது. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: மீதி 1.10 லட்சத்தைக் கன்சல்டிங்காரர் கையில் கொடுக்காதீர்கள். இப்போது உங்களுக்கு இருக்கும் பிடி அது ஒன்றுதான்.

ஃபைனான்ஸ் நிறுவனத்தைப் பொறுத்தவரை கடன்காரர் பழைய ஓனர். நீங்கள் அவர்களுக்கு யாரோ ஒருவர். ஆள் வைத்து மிரட்டி வண்டியைப் பறிக்க அவர்களுக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே கண்டித்திருக்கிறது. ஆனால் ஒப்பந்தப்படி முறையாக மீட்க வந்தால், 'நான் காசு கொடுத்து வாங்கினேன்' என்ற வாதம் நிற்காது. எனவே பழைய ஓனரைக் கூட்டிக்கொண்டு ஃபைனான்ஸ் ஆபீசுக்குப் போங்கள். கடனை முடிக்க எவ்வளவு என்று எழுத்தில் வாங்கி, உங்கள் மீதிப் பணத்தை நேரே அந்தக் கடன் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள். பாக்கி அதைவிட அதிகமென்றால் வித்தியாசத்தை விற்றவர்தான் போடவேண்டும். ஃபைனான்ஸ் தரும் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று), கடன் பதிவை ரத்து செய்வதற்கான ஃபார்ம் 35-ம் கைக்கு வந்தால்தான் எச்.பி. ரத்தாகும், பெயர் மாற்றமும் நடக்கும்.

பழைய ஓனர் வர மறுத்தால், அவர் கழுத்தில்தான் கத்தி என்பதைச் சொல்லுங்கள். வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்.சி.யில் பெயருள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றத்தில் நவீன் குமார் வழக்கில் 2018-ல் தீர்ப்பாகியிருக்கிறது. விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 50. கையெழுத்துப் போட்ட ஃபார்மைப் பீரோவில் வைத்திருப்பது பெயர் மாற்றம் ஆகாது. உங்களுக்கும் ஆபத்து உண்டு: இன்சூரன்ஸ் உங்கள் பெயருக்கு வராதவரை, வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு நீங்கள் கிளெய்ம் கேட்க முடியாது.

கன்சல்டிங்காரர் கடனை மறைத்து விற்றிருந்தால் அது மோசடி. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 318-ன் கீழ் போலீஸில் புகார் தரலாம். அதற்கு முன் ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். பழைய வண்டி விற்கும் டீலருக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. சான்று எண்ணை நோட்டீஸில் கேளுங்கள். அதிலேயே பலர் பேச்சுவார்த்தைக்கு இறங்கிவருவார்கள்.

கிளட்ச் விஷயத்தில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். பழைய வண்டியில் தேய்மானம் இருக்கும் என்பதைச் சட்டமும் ஏற்கிறது. ஜெனரேட்டர் டிரெய்லர் இழுக்கத்தான் என்று வாங்கும்போதே சொல்லி, 'தாராளமாக இழுக்கும்' என்று அவர் வாட்ஸ்அப்பில் பதில் போட்டிருந்தால் மட்டும் பலம் உண்டு. அதை அழித்துவிடாதீர்கள். சுயதொழிலுக்கு வாங்கிய வண்டி என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். காலக்கெடு 2 ஆண்டு. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்று: டிரெய்லருக்கு ஆர்.சி. இருக்கிறதா? சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம். அதற்கென்று பதிவு வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும். பின்னால் பிக்கப்பின் எண்ணும் தெரியவேண்டும். பட்டறையில் கொக்கி வெல்டிங் வைத்து, எண் இல்லாத டிரெய்லரை மாட்டிக்கொண்டு போய் யார் மீதாவது மோதினால், இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பிடிப்பது அதைத்தான். இந்த சீசனுக்கு ஆர்டர் எடுக்கும் முன் அதை முடித்துவிடுங்கள்.