ஒரே ஒரு ஸ்ட்ரோலர்தான் வாங்கப்போகிறோம் என்றால் எதைப் பார்த்து வாங்குவது?

குழந்தை பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை ஒரே தள்ளுவண்டியை வைத்துச் சமாளிக்க வேண்டும், எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகச் சொல்லிவிடுகிறேன்: இருக்கை தட்டையாகப் படுக்க வேண்டும், வண்டியை நீங்களே ஒற்றைக் கையால் மடக்கித் தூக்க முடிய வேண்டும். இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் அந்த ஸ்ட்ரோலரை, துணியும் நிறமும் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். மற்றதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தட்டையாக என்றால் உண்மையிலேயே தட்டையாக. பிறந்த குழந்தைக்குக் கழுத்து நின்றிருக்காது. சாய்வாக உட்கார வைத்தால் தலை முன்னால் சரிந்து தாடை நெஞ்சில் முட்டும், மூச்சுப்பாதை ஒடுங்கும், குழந்தை அழக்கூட அழாது, பார்க்கிற நமக்கு நன்றாகத் தூங்குவது போலத்தான் தெரியும். பயமுறுத்தச் சொல்லவில்லை, இதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. கடையில் 'நல்லா ரெக்லைன் ஆகும் மேடம்' என்பார்கள், ஆகும்தான், பாதி வரை ஆகும். கையேட்டைத் திறந்து எந்த வயதிலிருந்து பயன்படுத்தலாம் என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். குடை மாதிரி மடங்கும் லேசான வண்டிகள் பலவற்றில் 6 மாதத்திலிருந்து என்றுதான் இருக்கும், அவை தானாக உட்காரப் பழகிய குழந்தைக்காகச் செய்தவை.

கார் சீட்டை அப்படியே கழற்றி வண்டிச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும் செட்டும் கிடைக்கிறது. காரில் தூங்கிப்போன குழந்தையை எழுப்பாமல் டாக்டரிடம் கொண்டுபோய்த் திரும்ப அது வசதிதான். ஆனால் கார் சீட்டில் குழந்தை அரை உட்கார்ந்த நிலையில்தான் இருக்கும், தொடர்ந்து 2 மணி நேரத்துக்கு மேல் அதில் வைக்காதீர்கள் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள், முதல் சில வாரங்களில் அதைவிடவும் குறைவாக. அதனால் கார் சீட் மாட்டலாம் என்பதை மட்டும் நம்பி, தட்டையாகப் படுக்காத வண்டியை எடுத்துவிடாதீர்கள்.

இப்போது மடக்குவதற்கு வருகிறேன், ஏனென்றால் வாங்கிய பிறகு நீங்கள் தினமும் மல்லுக்கட்டப் போவது இதனோடுதான். குடை போல மடங்கும் ஸ்ட்ரோலரை 1965-ல் வடிவமைத்தவர் ஓவன் மக்ளாரன், ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் தரையிறங்கு சக்கர அமைப்பில் வேலை பார்த்த பொறியாளர். வெளிநாட்டிலிருந்து பேரக்குழந்தையோடு வந்த மகள், கனமான வண்டியை வைத்துக்கொண்டு பயணத்தில் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் அலுமினியக் குழாய்களை வைத்து சுமார் 3 கிலோ எடையில் ஒன்றைச் செய்தார். மடக்குவதும் தூக்குவதும்தான் அம்மாக்களின் பெரிய தொல்லை என்று அவருக்கு அப்போதே புரிந்திருக்கிறது.

கடையில் விற்பவர் மடக்கிக் காட்டினால் போதாது, அவர் இரண்டு கையும் காலியாக நிற்கிறார். நீங்கள் குழந்தையையோ, நன்றாக நிரப்பிய ஒரு பையையோ இடுப்பில் வைத்துக்கொண்டு மறு கையால் மடக்கிப் பாருங்கள். தரை வரை குனிய வேண்டியிருக்கிறதா? இருக்கையைத் தனியாகக் கழற்றிய பிறகுதான் சட்டம் மடங்குகிறதா? மடங்கியதும் பூட்டு தானாக விழுகிறதா, இல்லை தூக்கும்போது பாதியில் விரிந்துவிடுகிறதா? மடக்கி வைத்தால் தன்னால் நிற்கிறதா, சுவரில் சாய்க்க வேண்டுமா, எந்தப் பக்கம் தரையில் படுகிறது, நாம் பிடிக்கும் கைப்பிடியா, குழந்தை உட்காரும் துணியா? பிறகு அதே ஒற்றைக் கையால் விரித்துப் பாருங்கள், அப்புறம் கார் டிக்கி உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். லேசானவை 6, 7 கிலோ வரும், பெரியவை 10 கிலோவைத் தாண்டும். ஒரு வயதுக் குழந்தையே ஏறக்குறைய 9, 10 கிலோ இருக்கும் என்பதை அதோடு கூட்டிக்கொள்ளுங்கள், படிக்கட்டு உள்ள வீடு என்றால் தட்டையாகப் படுப்பவற்றில் லேசானதுக்கே போங்கள். வாங்கப் போகும் முன்னால் டிக்கியின் அகலம், லிஃப்ட் கதவு, வீட்டில் வண்டி நிற்கப்போகும் மூலை, மூன்றையும் டேப் வைத்து அளந்துகொள்வது நல்லது.

மடக்கும்போதும் விரிக்கும்போதும் குழந்தை வண்டியைத் தொடாத தூரத்தில் இருக்கட்டும். 2009-ல் அமெரிக்காவில், அதே மக்ளாரன் தொடங்கிய நிறுவனத்தின் வண்டிகள் சுமார் 10 லட்சம், குறைபாடு காரணமாகத் திரும்ப அழைக்கப்பட்டன, கீல் இடுக்கில் விரல் சிக்கிச் சில குழந்தைகளின் விரல் நுனியே துண்டாகியிருந்தது. கீல்களுக்கு மூடி இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்.

யாரெல்லாம் தள்ளப்போகிறார்கள் என்பதும் முக்கியம். என் கணவர் என்னைவிட நல்ல உயரம், எனக்குச் சரியாக இருந்த ஒரு வண்டியை அவர் கடையிலேயே நடந்து பார்த்தபோது ஒவ்வொரு எட்டுக்கும் கால் கட்டைவிரல் பின் அச்சில் இடித்தது, உடனே அதை வேண்டாம் என்றுவிட்டோம். கைப்பிடி உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடிந்தால் நல்லது, ஆனாலும் இரண்டு பேரும் வழக்கமான வேகத்தில், வழக்கமாக எட்டு வைத்து நடந்து பார்க்க வேண்டும்.

சக்கரம்: வழவழப்பான தரைக்குச் சின்னச் சக்கரம் போதும், மேடு பள்ளமான பாதைக்குப் பெரிய சக்கரமும் சஸ்பென்ஷனும் வேண்டும். காற்றடிக்கும் டயர் மெத்தென்று போகும், ஆனால் பஞ்சர் ஆகும். ஓடுவதற்கென்று வரும் மூன்று சக்கர வண்டியை வைத்து ஓட வேண்டுமானால் குழந்தைக்கு 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும், சில நிறுவனங்கள் 8 மாதம் என்கின்றன, ஓடும்போது முன்சக்கரம் திரும்பாமல் பூட்டியிருக்க வேண்டும்.

குழந்தை நம்மைப் பார்த்து உட்கார வேண்டுமா, வெளியே பார்த்தா? 2008-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுசான் ஸீடிக் செய்த ஆய்வில், எதிர்முகமாக வைத்த பெற்றோர் குழந்தையோடு அதிகம் பேசியது தெரியவந்தது. முதல் வருடத்தில் எனக்கும் குழந்தையின் முகம் தெரிய வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் திருப்பி மாட்டும் இருக்கை எடையைக் கூட்டும், மடக்குவதையும் சிக்கலாக்கும். அதனால் இருக்கை எந்தப் பக்கம் பார்த்து இருந்தாலும் அப்படியே மடங்கினால் மட்டும் எடுங்கள், இல்லையென்றால் மேற்கூரையில் எட்டிப் பார்க்க ஒரு சின்னத் திறப்பு இருக்கும் வண்டியே போதும்.

பெல்ட் ஐந்து முனை பெல்ட்டாக இருக்கட்டும்: தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று. அந்த நடு வார் இல்லையென்றால் குழந்தை வழுக்கிக் கீழே இறங்கி, பெல்ட் கழுத்தில் மாட்டும் ஆபத்து உண்டு. மூன்று வயது வரை என்று நினைக்கிறீர்கள் என்பதால் எடை வரம்பையும் பாருங்கள். ஐரோப்பியத் தரம் இஎன் 1888-ல் முதல் பகுதி 15 கிலோ வரை, இரண்டாம் பகுதி 22 கிலோ வரை. மூன்று வயதில் பல குழந்தைகள் 14, 15 கிலோவைத் தொட்டுவிடும், அதனால் 22 என்று போட்டிருப்பதை எடுங்கள், குழந்தையை உட்கார வைத்தால் தலை கூரையில் முட்டாத அளவு முதுகுப்பகுதி உயரமாகவும் இருக்க வேண்டும்.

வாங்கிய பிறகு இரண்டு விஷயம். கைப்பிடியில் பை மாட்டாதீர்கள், குழந்தையைத் தூக்கிய நொடியில் வண்டி பின்னால் கவிழும், சாமான் கீழ்க்கூடையில் போகட்டும். வெயில் என்று வண்டியின் மேல் துணியைப் போட்டு மூடாதீர்கள், மெல்லிய துணியாக இருந்தாலும் காற்றோட்டம் இல்லாமல் உள்ளே சூடு ஏறிவிடும்.

பழைய வண்டி கிடைத்தாலும் தயங்க வேண்டாம், நல்ல ஸ்ட்ரோலர் இரண்டு மூன்று குழந்தைகளைப் பார்க்கும். மாடல் எண்ணைத் தேடித் திரும்ப அழைக்கப்பட்டதா என்று பாருங்கள், பக்கிளைப் பூட்டி இழுங்கள், பிறகு குழந்தையின் எடைக்கு ஏதாவது ஏற்றி, சரிவில் நிறுத்தி, பிரேக் போட்டுவிட்டுத் தள்ளிப் பாருங்கள். கொஞ்சம் நகர்ந்தாலும் எடுக்காதீர்கள்.