காளான் குடை மாதிரித் தெரியாத சைக்கிள் ஹெல்மெட்

ஒஃபிஸுக்குச் சைக்கிளில் போக வாங்கிய இரண்டு ஹெல்மெட்டும் காளான் குடை மாதிரி இருக்கிறது, வேறு எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். பின்னால் கூர்வால் இல்லாத, மண்டையோடு ஒட்டி உருண்டையாக இருக்கும் வகையைக் கேளுங்கள். ஸ்கேட் ஹெல்மெட் என்றால் கடைக்காரருக்குப் புரியும். மினுக்கம் இல்லாத கறுப்போ கடும்பச்சையோ எடுத்தால் கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ஒஃபிஸ் சட்டையோடு போகும்போதும் உறுத்தாது.

நீங்கள் வாங்கிய இரண்டும் குடை மாதிரித் தெரிந்தது பெரும்பாலும் அளவுப் பிழை. 56 செ.மீ. தலைக்கு 58-62 என்று போட்டதை எடுத்து, ஹெல்மெட்டின் பின்பக்கம் இருக்கும் சின்னச் சில்லைத் திருகி இறுக்கினால் தலையில் நிற்கும்தான், ஆனால் காதுக்கு மேலே இரண்டு பக்கமும் இடைவெளி விழும், கண்ணாடியில் பார்த்தால் குடைதான்.

தையல்காரரின் அளவு நாடாவை எடுத்து, புருவத்துக்கு ஒரு விரல் மேலே தலையைச் சுற்றி அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். அங்கே வாரை மாட்டாமல் தலையை இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள். நெற்றித் தோலும் சேர்ந்து அசைந்தால் சரி, ஹெல்மெட் மட்டும் தனியாகச் சுழன்றால் ஒரு அளவு சிறியதை எடுங்கள்.

ஒன்று, இந்த வகையில் காற்றுத் துளை குறைவு. என்னுடையது பார்க்க அழகு, ஆனால் மரைன் டிரைவில் காலை எட்டு மணிக்கே வியர்வை கண்ணுக்குள் இறங்கும். அதனால் நெற்றிப் பஞ்சு கழற்றிக் கழுவக்கூடியதா என்று பாருங்கள்.

அப்புறம் உள்ளே ஈ.என். 1078 (ஐரோப்பியப் பாதுகாப்புத் தரம்) அல்லது சி.பி.எஸ்.சி. (அமெரிக்கத் தரம்) என்ற ஸ்டிக்கர் இல்லாவிட்டால், எவ்வளவு ஸ்டைலாக இருந்தாலும் அது வெறும் தொப்பி, வைத்துவிட்டு வாருங்கள்.