அமெரிக்காவில் ஷட்டவுன் (பட்ஜெட் நிறைவேறாமல் அரசு அலுவலகங்கள் மூடப்படுவது) வந்தால் அலுவலக டேகேரை மூடிவிட்டு, மூடிய நாட்களுக்கும் கட்டணம் கேட்கிறார்கள். இது நியாயமா?

என்னைக் கேட்டால் நியாயம்தான். 'நீ டேகேர் டீச்சர், உன் சம்பளத்துக்காகப் பேசுகிறாய்' என்று சிலர் சொல்லக்கூடும். என் சம்பளத்துக்காகவும்தான் பேசுகிறேன், அதில் மறைக்க ஒன்றுமில்லை. 2014-லிருந்து வாஷிங்டனில் ஃபெடரல் (மத்திய அரசு) கட்டடங்களுக்குள் நடக்கும் டேகேர்களில் வேலை பார்க்கிறேன். 2018-19இல் 35 நாள், 2025-இல் 43 நாள் என்று இரண்டு பெரிய ஷட்டவுன்களைப் பார்த்துவிட்டேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் கணவர் ஃபெடரல் ஊழியர், டேகேரும் அவருடைய ஆபீஸ் கட்டடத்திலேயே இருக்கிறது, ஆகவே அதுவும் அரசாங்கத்துடையதுதான் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். வருகிற பெற்றோர் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் அரசு கொடுப்பது இடம் மட்டும்தான். 1985-இல் வந்த சட்டப்படி வாடகை வாங்காமல் இடம் தரலாம், கரண்ட், தண்ணீர் எல்லாம் அதோடு சேர்த்தி. பதிலுக்கு, சேருகிற பிள்ளைகளில் பாதிக்குக் குறையாமல் ஃபெடரல் ஊழியர் வீட்டுப் பிள்ளைகளாக இருக்க வேண்டும். நடத்துவது பெற்றோரே உட்கார்ந்திருக்கும் ஒரு போர்டாக இருக்கும், இல்லாவிட்டால் ஒரு தனியார் கம்பெனி. டீச்சர் சம்பளம் வருவது நீங்கள் மாதாமாதம் கட்டுகிற பணத்திலிருந்து. ராணுவத் தளங்களில் இருக்கும் டேகேர்கள் வேறு வகை, அங்கே வேலை செய்கிறவர்களே பாதுகாப்புத் துறை ஊழியர்கள். நான் பேசுவது ஊருக்குள் ஆபீஸ் கட்டடங்களில் இருப்பவற்றைப் பற்றி.

ஆக, பட்ஜெட் நிறைவேறாமல் கட்டடத்தைப் பூட்டினால், நாங்களும் வெளியே. எங்கள் பேட்ஜும் அதே வாசலில்தான் வேலை செய்ய வேண்டும். சம்பளம் தருவது அரசு இல்லை, ஆனால் வேலையை நிறுத்துவது மட்டும் அரசு.

2018 டிசம்பர் 21 வெள்ளிக்கிழமை. அன்று சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக வந்த பெற்றோர் யாருக்கும் பெரிய கவலை இல்லை. காரணம் இருந்தது. அதே வருடம் ஜனவரியில் நடந்த ஷட்டவுன் 3 நாளில் முடிந்துவிட்டது. இதுவும் கிறிஸ்துமஸ் லீவோடு லீவாகப் போய்விடும் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டோம். டைரக்டர் மட்டும் ஒவ்வொரு ஷெல்ஃபாகப் பார்த்து, போர்வை, மாற்று உடுப்பு எல்லாவற்றையும் எடுத்துப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதிப் பேர் எடுத்துப் போகவில்லை.

நான் அப்போது கைக்குழந்தைகள் அறையில் இருந்தேன். ஃப்ரீசரில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனி டப்பா. அதில் ஒரு டப்பாவில் தாய்ப்பால் பைகள் 14. ஒவ்வொரு பையிலும் அந்த அம்மா நீல மையில் தேதியும் அளவும் எழுதியிருப்பார். ஒரு பையில் நாலு அவுன்ஸ், ஒன்றில் இரண்டரை. ஆபீஸில் மதியம் பத்து நிமிடம் கதவைச் சாத்திக்கொண்டு பம்ப் செய்து எடுத்த பால். "திங்கள், செவ்வாய் லீவு, புதன்கிழமை பார்ப்போம்" என்று அப்படியே விட்டுவிட்டுப் போனார். புதன்கிழமை கட்டடம் திறக்கவில்லை. அதற்குப் பிறகும் ஏறக்குறைய ஐந்து வாரம் திறக்கவில்லை.

அந்த அம்மாவின் ஆபீஸ் இரண்டு தெரு தள்ளி வேறு கட்டடத்தில். அவர் வேலை 'எக்ஸெப்டெட்' வகை. இதை வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரிய வைப்பது கஷ்டம். ஷட்டவுனில் ஊழியர்கள் இரண்டாகப் பிரிவார்கள். 'ஃபர்லோ' என்றால் வீட்டில் இருக்க வேண்டும், சம்பளம் இல்லை. 'எக்ஸெப்டெட்' என்றால் வேலைக்கு வந்தாக வேண்டும், சம்பளம் இல்லை. அந்த முறை மொத்தம் 8 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள், அதில் பாதிக்கு மேல் இந்த இரண்டாவது வகை. பிள்ளையை எங்கே விடுவது என்று அவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. வேலைக்கு வா என்கிற அதே அரசாங்கம்தான் டேகேர் இருக்கிற கட்டடத்தையும் பூட்டி வைத்திருக்கிறது.

அந்தக் குழந்தையை வாரத்தில் மூன்று நாள் நான் என் வீட்டில் பார்த்துக்கொண்டேன். இதை எழுதலாமா என்று யோசித்தேன். லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் பிள்ளை பார்ப்பது தப்பில்லையா என்று யாராவது கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன், ஒரு டாலர் கூட வாங்கவில்லை. டைரக்டருக்கும் தெரியும். எட்டு மாதக் குழந்தை, என் கையில்தான் உட்காரப் பழகியது. அதன் அம்மா சம்பளமில்லாத வேலைக்குப் போகிறார், நான் வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறேன். முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஃபார்முலா டப்பா ஒன்று நாலைந்து நாள் வரும். அதற்குக் காசு கொடுக்க அவர் கிரெடிட் கார்டைத் தேய்த்தார். ஒரு நாள் சாயங்காலம் பனியில் நடந்து போய், பூட்டியிருந்த கட்டடத்தின் வாசல் காவலாளியிடம் "மேலே ஃப்ரீசரில் என் பால் இருக்கிறது, ஐந்து நிமிடம் போதும்" என்று கேட்டிருக்கிறார். அந்தக் காவலாளியும் கான்ட்ராக்ட் ஆள்தான். அவரால் அனுமதிக்க முடியாது, அனுமதித்தால் அவர் வேலை போகும். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கரண்ட் இருந்தது, ஃப்ரீசர் ஓடிக்கொண்டிருந்தது, பால் கெடாமல் அப்படியே இருந்தது. எடுக்கத்தான் வழியில்லை.

இப்போது கட்டண விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஒப்பந்தத்தில் கட்டடம் மூடினால் முதல் இரண்டு வாரத்துக்கு முழுக் கட்டணம் என்று இருந்தது. எங்களுக்கும் இரண்டு வாரம் முழுச் சம்பளம் வந்தது. பிறகு போர்டு கூடி, அடுத்த இரண்டு வாரத்துக்குப் பாதிக் கட்டணம் என்றார்கள். எங்களுக்கும் பாதி. ஐந்தாவது வாரம் ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் தரவில்லை. எனக்கு அப்போது மணிக்கு 15 டாலர் 50 சென்ட். வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டேன், அது கைக்கு வரும் முன்பே நாங்கள் வேலைக்குத் திரும்பிவிட்டோம். வாடகை கட்டாத டேகேர், பணம் கொட்டிக் கிடக்குமே என்று ஒரு அப்பா போர்டு மீட்டிங்கில் கேட்டாராம். கட்டணத்தில் பெரும்பகுதி ஆள் சம்பளத்துக்கே போய்விடுகிறது. ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்றால் நாலு பேருக்கு ஒரு டீச்சர் இருந்தாக வேண்டும், அது சட்டம். எங்கிருந்து மிச்சம் பிடிப்பது?

2019 ஜனவரி 16-ஆம் தேதி, அரசு ஊழியர்களுக்கு ஷட்டவுன் காலச் சம்பளம் பின்னால் கட்டாயம் உண்டு என்ற சட்டம் கையெழுத்தானது. அதைப் போனில் படித்தபோது அந்தக் குழந்தை என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. நல்ல சட்டம், வேண்டிய சட்டம். அதில் கட்டடம் கூட்டுகிறவர் இல்லை, கேன்டீன்காரர் இல்லை, காவலாளி இல்லை, நான் இல்லை. கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார்கள், நிறைவேறவில்லை. அது நிறைவேறியிருந்தாலும் எங்களுக்குப் பொருந்தியிருக்காது. நாங்கள் கான்ட்ராக்ட் ஆட்கள் கூட இல்லை.

இந்த இடத்தில் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும். என் அம்மா விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருந்தார். காலையில் போய்ச் சத்துமாவு கொடுப்பதிலிருந்து எடை போட்டு எழுதுவது வரை எல்லாம் அவர்தான். கொடுத்ததற்குச் சம்பளம் என்ற பெயர் கிடையாது, 'மதிப்பூதியம்' என்பார்கள். அரசாங்கக் கட்டடம், அரசாங்கப் பதிவேடு, ஆனால் மற்ற அரசு ஊழியர்களுக்கு உள்ள ஊதியம் இல்லை. இங்கே வந்து நான் இந்த வேலையில் சேர்ந்ததும் சொந்தக்காரர் ஒருவர் "எம்.எஸ்சி. படிச்சிட்டு அமெரிக்கா போய் ஆயா வேலையா பாக்குற?" என்று கேட்டார். அம்மாதான் போனை வாங்கிப் பேசினார். "அவ டீச்சர் வேலை பாக்குறா. நானும் டீச்சர் வேலைதான் பாத்தேன்." இங்கே இந்த வேலைக்குச் சான்றிதழ் படிப்பு உண்டு, வருடாவருடம் பயிற்சி உண்டு, கைரேகை எடுத்துப் பின்னணி விசாரணை உண்டு. ஒக்லஹோமா சிட்டியில் 1995-இல் ஃபெடரல் கட்டடத்துக்குக் குண்டு வைத்தபோது, அதற்குள் இருந்த டேகேரில் மட்டும் 15 பிள்ளைகள் செத்துப்போனார்கள். தீயணைப்புப் பயிற்சியின்போது கட்டிலோடு சக்கரத்தில் உருட்டிக்கொண்டு நாலு குழந்தைகளை வெளியே கொண்டுபோகும் ஒவ்வொரு முறையும் எனக்கு அது ஞாபகம் வரும்.

ஜனவரி 28 திங்கட்கிழமை கட்டடம் திறந்தது. அதற்குள் எங்களில் இரண்டு பேர் வேறு வேலைக்குப் போயிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, வாடகை நாள் வரும்போது யாரும் காத்திருக்க முடியாது. ஆனால் ஆள் இல்லாததால் நடக்கப் பழகும் பிள்ளைகளின் இரண்டாவது அறையைப் பிப்ரவரி நடுவில்தான் திறக்க முடிந்தது. ஐந்து வாரம் கழித்து வேலைக்குக் கூப்பிடப்பட்ட பெற்றோர், பிள்ளையை விட இடமில்லாமல் லீவு போட்டார்கள். கட்டணம் ஏன் என்று கேட்டீர்களே, இதற்காகத்தான். நீங்கள் திரும்பி வரும்போது அங்கே டீச்சர் இருக்க வேண்டும்.

டிசம்பரில் தவழ்ந்துகொண்டிருந்த ஒரு பையன் அன்று நடந்து உள்ளே வந்தான். என்னைப் பார்த்ததும் அப்பா காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஒரு வயதுப் பிள்ளைக்கு 35 நாள் என்பது எவ்வளவு பெரிய காலம்! செப்டம்பரில் பழக்கியதை முதலிலிருந்து பழக்கினோம். 14 பைகளும் ஃப்ரீசரில் அப்படியே இருந்தன. குழந்தை அதற்குள் ஃபார்முலாவுக்குப் போய்விட்டது, அந்த அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. ஒவ்வொரு பையாக எடுத்துத் தேதியைப் பார்த்துவிட்டு, தன் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் பாதிக் கட்டணத்தையும் ஒரு நாள் தாமதமில்லாமல் கட்டியவர்.

2025-இல் நான் இருந்தது வேறு டேகேர். 2018-19இல் 12 பட்ஜெட் மசோதாக்களில் 5 முன்பே நிறைவேறியிருந்தன, அதனால் சில துறைகள் வழக்கம்போல நடந்தன. 2025 ஷட்டவுன் தொடங்கியபோது ஒன்று கூட நிறைவேறியிருக்கவில்லை. எங்கள் கட்டடத்தில் எக்ஸெப்டெட் ஆட்கள் நிறையப் பேர் என்பதால் மூடவில்லை. ஆனால் ஃபர்லோவில் இருந்தவர்கள் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டார்கள். பிள்ளை குறைந்தால் இரண்டு அறைகளை ஒன்றாக்குவார்கள், அறை குறைந்தால் எங்கள் மணிநேரம் குறையும். எனக்கு வாரத்துக்கு 22 மணிநேரம்தான் கிடைத்தது. நவம்பர் 12-ஆம் தேதி ஷட்டவுனை முடித்துவைத்த சட்டத்திலேயே ஊழியர்களுக்கு நிலுவைச் சம்பளம் தரப்படும் என்று எழுதினார்கள். நான் இழந்த மணிநேரங்களுக்கு எனக்கு எதுவும் வரவில்லை.

உங்களால் எவ்வளவு முடியும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். சம்பளமே வராதபோது மாதம் 2,000 டாலருக்கு மேல் கட்டப் பணத்துக்கு எங்கே போவது என்ற பயம் எனக்குப் புரியாமல் இல்லை. முடியாவிட்டால் வாய்விட்டுச் சொல்லுங்கள். டைரக்டருக்கு ஒரு மெயில் போட்டு, தவணையாகக் கட்டலாமா, நிலுவைச் சம்பளம் வந்ததும் கட்டலாமா என்று கேளுங்கள். பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். கேட்காமல் பிள்ளையின் பெயரை எடுத்துவிடாதீர்கள், கைக்குழந்தை இடத்துக்குப் பின்னால் நீண்ட வரிசை நிற்கிறது, திரும்பக் கிடைக்காது. டிபென்டென்ட் கேர் எஃப்.எஸ்.ஏ. (பிள்ளை பராமரிப்புச் செலவுக்காகச் சம்பளத்திலிருந்து வரியில்லாமல் பிடித்துச் சேர்க்கும் கணக்கு) இருந்தால் அதில் அதுவரை சேர்ந்திருக்கும் தொகைக்கு மட்டும்தான் கோர முடியும், சம்பளம் நின்றால் புதிதாகச் சேராது, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். கணவர் துறையில் டேகேர் மானியம் உண்டென்றால், ஷட்டவுன் நாட்களுக்கு அது எப்படி என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள், அது உங்கள் உரிமை. மூடிய நாட்களுக்கு நீங்கள் கட்டும் பணம் டீச்சர்களுக்குப் போகிறதா என்று போர்டிடமோ கம்பெனியிடமோ எழுத்தில் கேளுங்கள். கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு டீச்சர்களைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்புகிற இடமாக இருந்தால், நான் மேலே நியாயம் என்று சொன்னது அவர்களுக்குப் பொருந்தாது.