புல்வெளிக்கு நாயோடு வருகிறீர்களா? கயிறு கையிலேயே இருக்கட்டும்

கேள்வி: கோவையில் வசிக்கிறோம். எங்கள் லாப்ரடாருக்கு மூன்று வயது, ஆண், 30 கிலோ. டிசம்பர் கடைசியில் ஊட்டிக்கு வந்து, பைக்காரா சாலைப் பக்கம் தெரியும் புல்மேடுகளில் அவனை அவிழ்த்துவிட்டு நடக்க ஆசை. குளிர் தாங்குவானா? என்னென்ன எடுத்து வர வேண்டும்?

பதில்: குளிர் தாங்குவான். லாப்ரடாருக்கு இரண்டு அடுக்கு ரோமம். ஊட்டியின் 2,240 மீட்டர் உயரமும் நோயில்லாத நாயை ஒன்றும் செய்யாது. நனைந்த உடம்போடு காற்றில் நிற்கவிடாதீர்கள், அவ்வளவுதான். பெரிய துண்டு ஒன்று போதும். இதுவே சிப்பிப்பாறையாக இருந்தால் உறைபனிக் காலத்தில் சட்டை போடாமல் கூட்டி வராதீர்கள் என்பேன். பக் நாயாக இருந்தால் மேடேறும் நடையே வேண்டாம் என்பேன்.

எனக்குக் கவலை தருவது ‘அவிழ்த்துவிட்டு’ என்று நீங்கள் எழுதிய சொல்தான்.

அந்தப் புல்மேடுகளில் தோடர்களின் எருமைகள் மேயும். சமவெளி எருமையைப் பார்த்த கண்ணால் அவற்றை எடை போடாதீர்கள். அகன்று வளைந்த கொம்பு, எளிதில் சீறும் குணம். புலியும் செந்நாயும் திரியும் காட்டில் கன்றைக் காத்து வளர்ந்த இனம் அது. உங்கள் செல்லப்பிள்ளை அதன் கண்ணுக்கு இன்னொரு செந்நாய். நாய் குரைத்துக்கொண்டு ஓடும், எருமை திரும்பித் துரத்தும், பயந்த நாய் நேராக உங்கள் காலடிக்கு ஓடி வரும். பின்னாலேயே எருமையும் வரும். மந்தை தென்பட்டாலே நூறு மீட்டராவது ஒதுங்கி, மேட்டுப் பக்கமாகச் சுற்றிப் போங்கள்.

அதையும் மீறி எருமையோ காட்டுமாடோ பாய்ந்து வந்தால், அப்போது மட்டும் கயிற்றை விட்டுவிடுங்கள். அவற்றின் கோபம் நாய் மேல்தான், உங்கள் மேல் அல்ல. நாய் ஓடித் தப்பிக்கும். கயிற்றோடு பிணைந்து நிற்கும் உங்களால் முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தன் நாயைச் சோதிக்க என்னிடம் கொண்டுவந்தார். நாய்க்கு ஒரு கீறல்கூட இல்லை. கயிற்றை மணிக்கட்டில் மூன்று சுற்று சுற்றியிருந்த அவருக்கு மணிக்கட்டோடு இரண்டு விலா எலும்பும் முறிந்திருந்தன. கயிற்றைச் சுற்றாமல் உள்ளங்கையில் மட்டும் பிடியுங்கள். இரண்டு மீட்டர் சாதாரணக் கயிறே நல்லது; இழுக்க இழுக்க நீளும் வகை இந்த மலைக்கு ஆகாது. கழுத்துப்பட்டையில் உங்கள் கைபேசி எண் இருக்கட்டும்.

எங்கே நடக்கலாம்? முக்கூர்த்தி தேசியப் பூங்கா, முதுமலைப் புலிகள் காப்பகம் இரண்டுக்குள்ளும் நாயோடு போகக் கூடாது. நீங்கள் சொல்லும் பைக்காரா சாலைப் புல்மேடுகள் அடங்கிய வென்லாக் புல்வெளியிலும் பெரும்பகுதி வனத்துறையின் காப்புக்காடு. ஆகவே வனச்சரக அலுவலகத்தில் கேட்காமல் இறங்காதீர்கள். ஆங்கிலேயர் காலத்தில் வேட்டைநாய்களோடு குதிரையேறி நரி துரத்திய மேடுகள்தான் இவை. அன்றிருந்த புல்வெளியில் பெரும்பங்கைச் சீகை மரமும் கற்பூர மரமும் விழுங்கிவிட்டன. மிச்சமிருக்கும் துண்டு நிலத்தில் கடமானை நாய் துரத்தினால் அது ஓடி ஒளிய இடம் எங்கே? அதைவிடப் பெரிய பயம், நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் தொற்றுநோய். 1994இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த நோயால் செத்தது. ஊர் நாய்களிடமிருந்து பரவியதாகவே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நம் செந்நாய்க்கும் சிறுத்தைக்கும் அது வரக்கூடாது. டிஸ்டெம்பர், ரேபிஸ், எலிக்காய்ச்சல் தடுப்பூசிகளில் எதற்காவது நாள் கடந்திருந்தால், கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால், அனுமதி வாங்கிய தேயிலைத் தோட்டத்துச் சாலையோ ஊரை ஒட்டிய வண்டித்தடமோ உங்களுக்குப் போதும். காலை ஒன்பதுக்கு மேல் தொடங்கி, பிற்பகல் மூன்றுக்குள் திரும்பிவிடுங்கள். அந்திக்குப் பிறகு சிறுத்தை நடமாடும். நாய் அதற்குப் பிடித்த இரை.

கொண்டுவர வேண்டியவை கொஞ்சம்தான்: எஃகு பாட்டிலில் தண்ணீர், ஒரு கிண்ணம், முள் எடுக்க இடுக்கி, அட்டை கடித்தால் போட உப்பு. டிசம்பரில் அட்டை குறைவு, சோலை ஓரத்து ஈரத்தில் மட்டும் பாருங்கள். மலையேறும் வளைவுகளில் வாந்தி எடுக்காமலிருக்கக் கிளம்புவதற்கு நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள்.

இன்னொன்று, ஊட்டியில் வாங்கும் சாக்லேட். காரின் பின்சீட்டில் பொட்டலத்தையும் நாயையும் சேர்த்து விட்டுப் போகாதீர்கள். உங்கள் நாயின் எடைக்கு 100 கிராம் டார்க் சாக்லேட்டே வாந்தி, பேதி, படபடப்பைத் தொடங்கிவைக்கப் போதும். தின்றுவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

உண்ணி மருந்தைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே கொடுங்கள். அன்றன்று நடை முடிந்ததும் காது மடிப்பு, அக்குள், விரலிடுக்கு எல்லாம் தடவிப் பாருங்கள். உண்ணி இருந்தால் நசுக்காமல், சுடாமல், தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். கோவைக்குத் திரும்பிய பின்னும் மூன்று வாரம் கவனம் வேண்டும். சோர்ந்து படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனாலோ அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மலைக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள்.