பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட மகள்

கேள்வி: என் வயது 44. 20 ஆண்டுகளாகக் குதிரைகளோடு பழகி வருகிறேன். இப்போது சொந்தமாக ஒரு பெண்குதிரை வைத்திருக்கிறேன். ஒரு மாதத்துக்கு முன் அதை லாயத்திலிருந்து வெளியே நடத்தி வந்தபோது, காற்றில் எழும்பிய பிளாஸ்டிக் விரிப்பைக் கண்டு மிரண்டு ஓடியது. கயிற்றைக் கையில் சுற்றியிருந்ததால் என்னையும் இழுத்துச் சென்றது. கீழே விழுந்த என் விலாவில் அதன் பின்னங்கால் பட்டது. இரண்டு விலா எலும்புகளும் இடது கையில் ஒரு விரலும் முறிந்தன. ஆறு வாரங்களுக்கு எந்த வேலையும் செய்யக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நல்ல வேளையாக, என் 13 வயது மகள் லாயத்தைக் கவனித்துக்கொள்கிறாள். நான் செய்வதைப் பார்த்துப் பார்த்தே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள், தனியாக எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. என் மனைவியோ, குதிரையை விற்றுவிடச் சொல்லி தினமும் சண்டை போடுகிறார். குதிரையைப் பற்றி ஒன்றுமே தெரியாத அவருக்கு, இது வெறும் விபத்துதான் என்று எப்படிப் புரிய வைப்பது?

பதில்: குதிரையிடம் உதை வாங்கியவர்கள், மிதி வாங்கியவர்கள், சுவரோடு நசுக்கப்பட்டவர்கள் எழுதும் கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. அவற்றில் பெரும்பாலானவை, உங்களுடையதைப் போலவே, அனுபவத்தின் ஆண்டுக் கணக்கில் தொடங்கி, எதுவும் புரியாத மனைவியிலோ தாயிலோ வந்து முடிகின்றன. எலும்பு கூடிவிடும், குதிரை வேண்டுமென்று செய்யவில்லை என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அவை உங்களுக்கே தெரியும். நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுக் கடந்துபோன ஒரு வரியில்தான் என் கண் நின்றுவிட்டது. உங்கள் மகள் நீங்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்தே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாளாம்.

எல்லாவற்றையும் என்றால் எவற்றை, ஐயா? கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வதையும் சேர்த்துத்தானே? நீங்கள் அப்படிச் செய்தது அந்த ஒரு நாள் மட்டும் என்று உங்கள் கடிதம் சொல்லவில்லை. சுற்றியிருந்ததால் இழுத்துச் சென்றது என்று, மழை பெய்ததால் நனைந்தேன் என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். அது நாள்பட்ட பழக்கம் என்பதற்கு வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை. மிரண்ட குதிரை முதலில் ஓடும், பிறகுதான் எதைக் கண்டு ஓடினோம் என்று திரும்பிப் பார்க்கும். வேட்டையாடப்படும் விலங்காகவே காலங்காலமாக வாழ்ந்து வந்த பிறவி அது. 400, 500 கிலோ எடையுள்ள உடல் ஒரே மூச்சில் பாயும்போது, கையைச் சுற்றிய கயிறு இறுகும். நீங்கள் விட நினைத்தாலும் அது உங்களை விடாது. கயிற்றின் மிச்சத்தை முன்னும் பின்னுமாக மடித்து, மடிப்புகளின் நடுவில் பிடித்திருந்தால், விரல்களைத் திறந்த அந்தக் கணமே குதிரை அதன் வழியே போயிருக்கும், நீங்கள் நின்ற இடத்திலேயே நின்றிருப்பீர்கள். கயிற்றைப் பிடிக்க வந்த எவருக்கும் முதல் நாளே சொல்லித்தரப்படும் பாடம் இது. இதை 20 ஆண்டுகளில் மறந்தவர் நீங்கள். இதை ஒருபோதும் கேட்டிராதவள் உங்கள் மகள்.

பார்த்துக் கற்கும் பிள்ளை, உங்கள் திறமையையும் சோம்பலையும் தரம்பிரித்து எடுத்துக்கொள்ளாது. குதிரை தன்னைச் சுற்றி ஏறத்தாழ முழு வட்டத்தையும் பார்க்கும், ஆனால் வாலுக்கு நேர் பின்னேயும் நெற்றிக்கு நேர் முன்னேயும் அதற்குக் கண் தெரியாது என்பது அவளுக்குத் தெரியுமா? தோள்பக்கமாக, பேசிக்கொண்டே நெருங்க வேண்டும் என்று நீங்கள் வாய்விட்டுச் சொன்னதுண்டா, அல்லது உங்கள் குரலுக்குக் குதிரை பழகிவிட்டதால் ஓசையின்றிப் பின்னால் நுழைவதே உங்கள் வழக்கமா? பின்புறமாகக் கடந்தே ஆக வேண்டுமானால், உடலோடு உரசிக்கொண்டு, கையை அதன் பிட்டத்தின் மேல் வைத்தபடி கடக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு குதிரை நீளத்துக்கு அப்பால் விலகிச் சுற்ற வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தில்தான் கால் முழுதாக நீண்டு, உதை முழு வேகத்தோடு வந்து விழும். விவரம் அறியாத பிள்ளை பாதுகாப்பு என்று நம்பித் தள்ளி நிற்பதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். ஹெல்மெட்டைச் சவாரிக்கு மட்டும் அணிபவரா நீங்கள்? அப்படியென்றால் அவளும் வெறுந்தலையோடுதான் குளம்புகளுக்கு அருகில் குனிந்து சாணம் அள்ளிக்கொண்டிருப்பாள்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு, நல்ல வேளையாக என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? வளர்ந்த ஆணான உங்களை இழுத்துப்போட்டு விலாவை முறித்த விலங்கிடம், அதே பழக்கங்களைக் கற்றிருக்கும் 13 வயதுச் சிறுமியை ஒரு மாதமாகத் தனியாக அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். அவளே ஆசைப்பட்டுச் செய்கிறாள் என்பீர்கள். வலியோடு படுத்திருக்கும் அப்பாவிடம், எனக்குப் பயமாக இருக்கிறது என்று எந்த மகள் சொல்வாள்? குதிரையை வாங்கியவர் நீங்கள். அதன் தீனியும் தண்ணீரும் சாணமும் உங்கள் பொறுப்பு. உங்களால் முடியாத நாளில் அதைப் பணம் கொடுத்தோ கெஞ்சியோ இன்னொரு வளர்ந்தவரிடம் ஒப்படைக்க வேண்டுமே தவிர, வீட்டில் மறுப்புச் சொல்லத் தெரியாத ஒரே ஆளின் தலையில் கட்டக் கூடாது. தகப்பனின் கௌரவத்தைப் பிள்ளையின் முதுகில் ஏற்றும் குடும்பங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அவற்றின் மேல் எனக்குத் துளியும் மரியாதை இல்லை.

இனி உங்கள் மனைவி. தினமும் நடக்கும் அந்தச் சண்டை எந்த நேரத்தில் தொடங்குகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? மகள் லாயத்துக்குக் கிளம்பும் நேரமாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். அவர் குதிரையைப் பற்றிப் பேசவில்லை. நாளைக் காலை அந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகப்போவது யார் என்று கேட்கிறார். குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாத அவர், இந்த ஒரு விஷயத்தில் உங்கள் 20 ஆண்டு அனுபவத்தைவிடத் தெளிவாக இருக்கிறார். அவருக்கு எதையும் புரிய வைக்கும் தகுதி இப்போது உங்களுக்கு இல்லை.

இன்று மாலையே மகளை லாயத்துக்குப் போவதிலிருந்து நிறுத்துங்கள். மிச்சமிருக்கும் இரண்டு வாரங்களுக்கும், அதன்பின் விலாவில் வலியின்றி மூச்சிழுத்து வாளி தூக்கும் வரைக்கும், குதிரை பழகிய ஒருவரை அமர்த்துங்கள். ஆள் கிடைக்காவிட்டால் குதிரையையே வேறொருவரின் லாயத்தில் கொண்டுபோய் விடுங்கள். கால்நடை மருத்துவரையும் அழையுங்கள். காற்றில் எழும்பும் விரிப்புக்கு எந்தக் குதிரையும் மிரளலாம்தான், என்றாலும் பார்வை மங்கும் குதிரை எளிதில் மிரளும், பல்லிலோ முதுகிலோ குளம்பிலோ வலியுள்ள குதிரைக்குப் பொறுமை இருக்காது. கண்ணையும் பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். மகளுக்கு டெட்டனஸ் தடுப்பூசி கடைசியாக எப்போது போடப்பட்டது என்று தேடிப் பாருங்கள். அந்தக் கிருமி மண்ணிலும் குதிரைச் சாணத்திலும் இருக்கிறது. அழுக்கான ஆழமான காயம் பட்டு, கடைசி ஊசிக்குப் பின் 5 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால், மறுபடியும் போட வேண்டியிருக்கும். உங்களைப் பற்றி ஒன்றே ஒன்று: வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சுவிட்டுக்கொண்டு படுத்திருக்காதீர்கள், நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வரும், விலாவின் மேல் தலையணையை அணைத்துக்கொண்டு ஆழமாக மூச்சிழுத்து இருமுங்கள்.

எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு, மகள் விரும்பினால், அவளுக்கு முதல் பாடத்திலிருந்து வாய்விட்டுச் சொல்லிக்கொடுங்கள். உங்கள் தலையில் ஹெல்மெட் இருக்கட்டும், கயிறு மடிப்பாக இருக்கட்டும். அந்தக் கயிற்றை இப்படிச் சுற்றியதால்தான் இந்த விரல் முறிந்தது என்று அவளிடம் காட்டுங்கள். அவள் விரும்பவில்லையென்றால் ஏன் என்று கேட்காதீர்கள்.

விற்பதா வைத்திருப்பதா என்பதை அதன்பின் மனைவியோடு உட்கார்ந்து பேசுங்கள். குதிரை அந்த வீட்டில் இருக்க வேண்டுமானால் அதற்கு இருவரின் சம்மதமும் வேண்டும். அவர் மறுத்தால், அந்த மறுப்பை உங்கள் முறிந்த விலா ஏற்கெனவே நியாயப்படுத்திவிட்டது. விற்க முடிவானால், வாங்க வருபவரிடம் நடந்ததை முழுதாகச் சொல்லுங்கள்: குதிரை மிரண்டதையும், அது உங்களை உதைத்ததையும், கயிற்றை நீங்கள் எப்படிப் பிடித்திருந்தீர்கள் என்பதையும். அதனால் விலை குறையும். அந்த நஷ்டத்தை நீங்கள்தான் ஏற்க வேண்டும்.