ஊசி போடும் முன் நர்ஸ் ஏன் திரும்பத் திரும்பப் பெயர் கேட்கிறார்?

இதற்கு நோயாளி அடையாளச் சரிபார்ப்பு என்று பெயர். மருந்தோ ரத்தமோ ஏற்றும் முன் பெயரோடு பிறந்த தேதி போல இன்னொன்றையும் ஒத்துப் பார்ப்பார்கள். குறைந்தது இரண்டு அடையாளம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இலேயே சொல்லிவிட்டது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரே வார்டில் இரண்டு மேரி இருப்பது சாதாரணம். கட்டில் எண்ணை நம்பவே கூடாது, ஆளை மாற்றிப் படுக்க வைப்பார்கள்.

"நீங்கள் மேரிதானே?" என்று கேட்பதும் சரியில்லை, அரைமயக்கத்தில் யாரும் தலையாட்டிவிடுவார்கள். "உங்கள் பெயர் என்ன?" என்றுதான் கேட்க வேண்டும். வடசேரி பஸ் ஸ்டாண்ட் இரைச்சலில் "மார்த்தாண்டம் போகுமா?" என்றால் கண்டக்டர் வேறெதற்கோ தலையசைப்பார். "எங்கே போகுது?" என்றால் ஊர்ப் பெயரைச் சொல்லித்தானே ஆக வேண்டும்!

நர்ஸுக்கு மறதி என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை, உங்களை நன்றாகத் தெரிந்திருந்தாலும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும் என்பதுதான் முறை.